மட்டக்களப்பிலிருந்து பிள்ளைகளுடன் காட்டூன் பூங்காப் பயணம்: லெகோலாந்தா, ஹொங்கொங் டிஸ்னிலாந்தா, அபுதாபியா?

ஆரையம்பதி அம்மா

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் மகன் தரம் 4 இல் படிக்கிறான். மகளுக்கு ஐந்து வயது நிறையப் போகிறது. கணவர் பல வருடங்கள் கட்டாரில் உழைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டார். பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து ரசிக்கும் பாத்திரங்களையும் கையில் வைத்து விளையாடும் பொருட்களையும் கொண்டு அமைக்கப்பட்ட பெரிய பூங்கா ஒன்றுக்கு அவர்களை ஒரு தடவையாவது அழைத்துப் போக வேண்டும் என்பது, தொலைபேசியில் மட்டுமே பிள்ளைகளை வளர்த்த அந்தக் காலத்திலிருந்தே அவருடைய ஆசை.

எங்கே போவது என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து இல்லை. கணவர் ஹொங்கொங் டிஸ்னிலாந்து என்கிறார். மகனுக்கு லெகோ என்ற விளையாட்டுக் கட்டிகள் என்றால் உயிர். மலேசியாவில் லெகோலாந்து இருப்பதை அவனே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். என் தம்பி அபுதாபியில் இருப்பதால், தங்கும் செலவு இல்லை, அங்கே வாருங்கள் என்கிறான். மாமியோ, மகன் தரம் 5 இல் எழுதவிருக்கும் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த பிறகு போனால் போதும், அதுவரை பிள்ளையின் கவனத்தைக் கலைக்க வேண்டாம் என்கிறார். மாமியையும் கூட்டிப்போக விரும்புகிறோம். அவருக்கு முழங்கால் வலி உண்டு. பிள்ளைகளுடன் இப்படிப்பட்ட பூங்காக்களுக்குப் போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தை விரிவாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்முனை ஆசிரியர்

தங்கச்சி, எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன்னர் எப்போது என்பதைத் தீர்மானியுங்கள். நான் நீண்ட காலம் ஆரம்பப் பிரிவில் கற்பித்தவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். நம் பகுதியில் சைக்கிளிலிருந்து சுற்றுலா வரை பிள்ளை ஆசைப்படும் எல்லாவற்றையும் புலமைப்பரிசில் பரீட்சையோடு முடிச்சுப் போட்டுவிடுகிறோம். வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்த பிள்ளைக்கு, பரீட்சையில் கிடைக்காததோடு வாக்களித்த பயணமும் இல்லாமற் போவதை வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை ஒரு மாதத்திற்கு யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இவ்வகைப் பூங்காக்கள் வயதைக் கணக்கிட்டே கட்டப்பட்டவை. லெகோலாந்துப் பூங்காக்கள் 2 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கென்று வடிவமைக்கப்பட்டவை. இங்கிலாந்தின் பெப்பா பிக் உலகம், யப்பானின் ஃபுஜி-கியூவில் உள்ள தோமஸ் ரயில் பூங்கா போன்றவை அதைவிடச் சிறிய பிள்ளைகளுக்கானவை. உங்கள் மகள் இன்று மிக்கியை உண்மையான ஒருவராகவே நம்புகிறாள். தரம் 2, தரம் 3 க்கு வரும்போது, உள்ளே ஒரு ஆள் நிற்கிறார் என்று அவளே அண்ணனுக்கு விளக்கம் சொல்லுவாள். மகனுக்கும் மகளுக்கும் ஒரே இடம் பொருந்தக்கூடிய காலம் மிகக் குறுகியது, அது இப்போதுதான் இருக்கிறது. ஆகஸ்ட் விடுமுறையில் போய் வாருங்கள். ஒரு கிழமை பயிற்சிப் புத்தகம் திறக்காததால் தரம் 4 பிள்ளைக்கு எந்தக் குறையும் வராது.

காத்தான்குடி வாப்பா

அபுதாபியைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் என் மகன் அங்கே வேலை செய்கிறார், பேரப்பிள்ளைகளோடு யாஸ் தீவில் உள்ள வார்னர் பிரதர்ஸ் பூங்காவுக்குப் போயிருக்கிறோம். அது 2018 ஜூலையில் திறக்கப்பட்டது. முழுப் பூங்காவும் கூரைக்குள்ளே, குளிரூட்டப்பட்ட கட்டடத்தில் இருக்கிறது. வளைகுடாவின் ஆகஸ்ட் வெயிலில் வெளியே பத்து நிமிடம் நிற்க முடியாது. ஆனால் உள்ளே அந்த வெயிலின் சுவடே தெரியாது.

அங்கே டொம் அண்ட் ஜெரிக்கென்று தனியே ஒரு சவாரி உண்டு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் தலைமுறைக்கு அரச தொலைக்காட்சியான ரூபவாஹினியில் வந்த காட்டூன்களில் பெரும்பாலானவை சிங்களத்தில் குரல் கொடுக்கப்பட்டவை. அந்தக் குரல் மாற்றத்தை டைட்டஸ் தொட்டவத்த மிக அருமையாகச் செய்தார் என்று சிங்கள நண்பர்கள் இன்றும் சொல்வார்கள், ஆனால் காத்தான்குடியில் இருந்த எங்களுக்கு அதில் பாதி விளங்கவில்லை. டொம் அண்ட் ஜெரிக்கு மட்டும் எந்த மொழியும் தேவைப்படவில்லை. அதனால் மூத்தம்மாவும் பேரனும் ஒரே பாத்திரத்தைக் கண்டு ஒன்றாகச் சிரிக்கக்கூடிய இடமாக அது அமைந்தது. வயதானவர்களோடு போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பிள்ளைக்குத் தெரிந்த பாத்திரம் பெரியவருக்கும் தெரிந்திருந்தால், அவர் வெறுமனே பை காத்துக்கொண்டு இருக்க மாட்டார்.

டுபாயிலும் லெகோலாந்து இருக்கிறது, 2016 இல் திறந்தார்கள். அதே வருடம் திறக்கப்பட்ட ஐஎம்ஜி என்ற உள்ளரங்கப் பூங்காவில் பென் 10, பவர்பப் கேர்ள்ஸ் எல்லாம் உண்டு. ஹலால் உணவுக்கும் தொழுகைக்கும் எந்த இடத்திலும் தேடி அலைய வேண்டியதில்லை. தம்பியின் வீட்டில் தங்கலாம் என்பது பெரிய வசதி, தங்கச்சி. அதைச் சிறிதாக எண்ண வேண்டாம்.

பெரியநீலாவணைப் பொறியியலாளர்

நான் மலேசியாவில், சிங்கப்பூரை ஒட்டியுள்ள ஜொகூரில் வேலை செய்த காலத்தில் குடும்பம் என்னோடு இருந்தது. வருடாந்த அனுமதிச்சீட்டு எடுத்து வைத்திருந்ததால், அங்கேயே உள்ள மலேசிய லெகோலாந்துக்குப் பிள்ளைகளோடு அடிக்கடி போவோம். அது 2012 செப்டெம்பரில் திறக்கப்பட்டது, ஆசியாவின் முதலாவது லெகோலாந்து. இந்தப் பூங்காக்களின் தாய்வீடு டென்மார்க்கில் உள்ள பில்லுண்ட். தச்சுத் தொழிலாளியான ஒலே கேர்க் கிறிஸ்டியன்சன் 1932 இல் அங்கேதான் மர விளையாட்டுப் பொருட்களைச் செய்யத் தொடங்கினார். பிறகு தொழிற்சாலையில் வைத்திருந்த மாதிரி உருவங்களைப் பார்க்கவே சனங்கள் கூட்டம் கூட்டமாக வந்ததால், அவற்றை வெளியே ஒரு பூங்காவாக அமைத்து 1968 இல் திறந்தார்கள். அதாவது அது விளையாட்டுப் பொருளிலிருந்து பிறந்த பூங்கா. அதன் குணம் உள்ளே நடக்கும்போது தெரியும்.

ஒரு சவாரியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தீயணைப்பு நிலையம் போன்ற ஒரு திடல், அதில் சிறிய தீயணைப்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒரு வண்டியில் ஒரு குடும்பம் ஏற வேண்டும். வண்டிக்கு இயந்திரம் ஓட்டம் தராது, கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால்தான் அது நகரும். எரிவது போன்ற கட்டடத்திற்கு முன்னால் போய் நின்றதும் எல்லோரும் குதித்து இறங்கி, ஒருவர் தண்ணீர்ப் பம்பை அடிக்க, மற்றவர் குழாயைப் பிடித்து யன்னல்களுக்குள் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். தீ அணைந்தபின் வண்டியைத் திருப்பி அடித்துக்கொண்டு புறப்பட்ட இடத்திற்கே வர வேண்டும். என் சின்னவன் குழாயைப் பிடித்துக்கொண்டு, “வாப்பா, இன்னும் வேகமாக அடியுங்கள்” என்று கத்தியதும், எனக்கு மூச்சு வாங்கியதும், பக்கத்து வண்டியிலிருந்த சீனக் குடும்பம் எங்களை முந்தியதும் இப்போதும் வீட்டில் பேசப்படுகின்றன. உயரமான ரோலர் கோஸ்டர் எதுவும் எங்கள் வீட்டில் இவ்வளவு காலம் பேசப்படவில்லை.

மகனுக்கு இன்னொன்றைச் சொல்லி வையுங்கள். பூங்கா ஊழியர்கள் தம் பெயர்ப்பட்டியில் சிறிய லெகோ மனித உருவங்களைக் குத்தியிருப்பார்கள். பிள்ளை தன்னிடம் உள்ள உருவம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டால் அவர்கள் மாற்றித் தருவார்கள். வீட்டில் மேலதிகமாக இருக்கும் உருவங்களில் சிலவற்றை ஒரு சிறு பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகூட அந்நியர் ஒருவரிடம் தானாகப் போய்ப் பேசுவதற்கு அது வழி செய்யும். வாகனம் ஓட்டும் பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வீதியும் சின்னவர்களுக்கு வேறொரு சிறு வளையமும் இருப்பதால் உங்கள் இருவருக்கும் இடமுண்டு. சமிக்ஞை விளக்கில் நிற்காமல் ஓடும் பிள்ளைகளை அங்கே உள்ளவர்கள் திருத்துவார்கள், நமது பிள்ளைகளுக்கு அது மிகவும் தேவையானது! ஆசிய நாடுகளின் கட்டடங்களைக் கட்டிகளால் எழுப்பியிருக்கும் சிற்றுலகத்தில் தாஜ்மகாலையும் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்களையும் மாமி அமர்ந்து ஆறுதலாகப் பார்க்கலாம்.

பயண வழி: சிங்கப்பூருக்கு இலங்கையர் சுற்றுலாவாகப் போக முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. மலேசியாவின் நடைமுறை வேறு. அதைச் சிங்கப்பூரோடு சேர்த்து நினைக்காமல் தனியாகப் பார்த்து முடித்துவிட்டே பயணச்சீட்டு எடுக்க வேண்டும். இரண்டு நாட்டுக்கும் வருகை அட்டையை இணையத்தில், போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூரிலிருந்து தரைவழியாகப் போனால் ஒரே காலையில் இரண்டு குடிவரவு வரிசையில் நிற்பீர்கள், எனவே ஒரு இரவு ஜொகூரிலேயே தங்குவது நல்லது. சிங்கப்பூரின் தேசிய தினம் ஆகஸ்ட் 9, மலேசியாவினுடையது ஆகஸ்ட் 31. அந்த நாட்களின் அருகே எல்லைப் பாலங்களைக் கடக்க வேண்டாம்.

களுவாஞ்சிகுடி தாத்தா

எல்லோரும் அக்கறையோடு எழுதுகிறீர்கள், வாசிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன். விமானச் சீட்டு, நுழைவுச்சீட்டு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் இங்கே ஒரு வீட்டுக்குக் கூரை போடும் பணமல்லவா? நம் பிள்ளைகளுக்குக் கல்லடிக் கடற்கரையும் காந்தி பூங்காவும் கோயில் திருவிழாவின் இராட்டினமும் இருக்கின்றன. திருவிழாக் கடையில் வாங்கிய ஊதுகுழலோடு எங்கள் பிள்ளைகள் ஒரு மாதம் விளையாடினார்கள். அந்நிய நாட்டுக் காட்டூன் எலியைப் பார்ப்பதற்குத் தகப்பன் பாலைவனத்தில் உழைத்த பணத்தைச் செலவழிக்க வேண்டுமா என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை.

கல்முனை ஆசிரியர்

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். கடன் எடுத்தோ நகை அடகு வைத்தோ போவதாக இருந்தால் நானே வேண்டாம் என்பேன். ஆனால் இந்தத் தங்கச்சி அதற்கென்று ஒதுக்கிய பணத்தைப் பற்றியே கேட்கிறார்.

அந்த எலி நமக்கு அந்நியமானது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரை எந்த முன்பள்ளியின் மதிலை வேண்டுமானாலும் பாருங்கள். சிவப்புக் காற்சட்டையும் மஞ்சள் சப்பாத்தும் போட்ட மிக்கி அங்கே நிற்பார். ஊர் ஓவியர் வரைந்ததால் ஒரு காது சற்றுப் பெரிதாக இருக்கும். பக்கத்தில் அ, ஆ, இ எழுதப்பட்டிருக்கும். நமது பிள்ளை தன் தாய்மொழியின் முதல் எழுத்தைப் படித்ததே அவர் பக்கத்தில் நின்றுதான். வோல்ட் டிஸ்னி தன் பூங்காவைப் பற்றி நினைக்கத் தொடங்கியது எப்படி என்று அவரே சொல்லியிருக்கிறார்: லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிஃபித் பூங்காவில் மகள்மார் இராட்டினத்தில் சுற்ற, தான் ஒரு வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழக்கூடிய இடம் ஒன்று வேண்டும் என்று தோன்றியதாம். 1955 இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்துக்கு வித்து அதுதான். பல வருடங்கள் பிள்ளைகளைப் பிரிந்திருந்த ஒரு தகப்பன் வாங்கில் உட்கார்ந்திராமல் பிள்ளையோடு ஒரே வண்டியில் ஏறுவதற்குச் செலவிடும் பணத்தை வீண் என்று என்னால் சொல்ல முடியாது, ஐயா.

திருக்கோவில் தாதி

எல்லோரும் பூங்காவைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் ஐந்து வயது மகளைப் பற்றி எழுதுகிறேன். தொலைக்காட்சியில் மிக்கி உள்ளங்கை அளவு. நேரில் வந்து நிற்பவர் அப்பாவை விட உயரம், தலை மட்டுமே ஒரு பானையைவிடப் பெரியது, கண் சிமிட்டாது, வாய் திறந்து பேசாது. சின்னப் பிள்ளைகள் பலர் அந்தக் கணத்தில் வீறிட்டு அழுவார்கள். காசு கொடுத்து வந்தோம், படம் எடுக்க வேண்டும் என்று பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தாதீர்கள். முதலில் தூரத்தில் நின்று கையசைக்கட்டும். மற்றப் பிள்ளைகள் போய்க் கட்டிப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு, பெரும்பாலான பிள்ளைகள் தாமாகவே கேட்டுப் போவார்கள். கேட்கவில்லை என்றால், கையசைத்ததே அன்றைய சந்திப்பு.

புறப்படுவதற்கு முன்னர் இருவரையும் சுவரோடு நிறுத்தி உயரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சவாரி வாசலில் அளவுகோல் வைத்திருப்பார்கள். ஒரு சென்ரிமீற்றர் குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சுவதில் பயனில்லை, பிள்ளையின் பாதுகாப்புக்காகவே அந்த விதி. உதாரணமாக, சிங்கப்பூர் யுனிவர்சல் பூங்காவின் ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்குக் குறைந்தது 102 சென்ரிமீற்றர் வேண்டும். ஒவ்வொரு பூங்காவின் இணையத்தளத்திலும் சவாரிவாரியாக அளவு போட்டிருப்பார்கள். மகளால் ஏற முடியாதவற்றை முன்னரே பார்த்து, அந்த நேரத்தில் அவளுக்கு என்ன என்பதையும் தீர்மானித்து வைத்தால், வாசலில் நின்று அழும் நிலை வராது. பெற்றோர் மாறி மாறி ஏறும் ஏற்பாடும் பெரிய பூங்காக்களில் உண்டு: அப்பா மகனோடு ஏறி இறங்கும் வரை அம்மா சின்னவளோடு காத்திருந்துவிட்டு, பிறகு மீண்டும் வரிசையில் நிற்காமல் ஏறலாம். வாசலில் உள்ள ஊழியரிடம் முதலிலேயே கேட்க வேண்டும்.

என் அக்காவின் மகனுக்கு ஓட்டிசம் இருக்கிறது. அவனையும் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போனோம். திடீரென்று எழும் சத்தம் அவனுக்கு ஆகாது. காதை மூடும் கருவியைக் கழுத்தில் போட்டே வைத்திருந்தோம், இருட்டான சவாரிகளைத் தவிர்த்தோம், மதியம் அறைக்குத் திரும்பித் தூங்கவிட்டு மாலையில் மீண்டும் போனோம். அவன் அன்று முழுவதும் மினியன்களின் மஞ்சள் நிறத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தான், அக்காவுக்கு அது போதுமானதாக இருந்தது. இப்படியான பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் பயப்பட்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

லண்டன் மட்டக்களப்பான்

ஹொங்கொங்கைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் ஊருக்கு வரும் வழியில் அங்கே இறங்கினோம். 2005 இல் திறந்த அந்தப் பூங்கா மற்ற டிஸ்னிலாந்துகளோடு ஒப்பிடும்போது சிறியது, சின்னப் பிள்ளைகளோடு ஒரே நாளில் பார்த்து முடிக்கலாம். பூங்காவுக்கென்றே ஒரு ரயில் ஓடுகிறது. அதன் யன்னல்களும் பிடித்துக்கொள்ளும் வளையங்களும் மிக்கியின் தலை வடிவில் இருக்கும். எங்கள் மகளுக்குப் பூங்கா தொடங்கியதே அந்த ரயிலில்தான். 2023 இல் ஃப்ரோஸன் படத்தின் பகுதியையும் திறந்திருக்கிறார்கள், இளவரசிகளை விரும்பும் பிள்ளை அங்கிருந்து வெளியே வர மறுக்கும். ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டில் போவதற்கு முன்கூட்டியே விசா பெற வேண்டும், மரக்கறிச் சாப்பாடு தேடுவதும் சிங்கப்பூரைப் போல இலகுவல்ல. உங்கள் கணவர் ஆசைப்படுவது நியாயம்தான், ஆனால் மாமியும் வருவதாக இருந்தால் நான் சிங்கப்பூர், ஜொகூர் பக்கமே சாய்வேன்.

ஆரையம்பதி அம்மா

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி சொல்ல வார்த்தை இல்லை. எல்லாவற்றையும் நேற்று இரவு சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆசிரியர் ஐயா எழுதியதைக் கேட்டு மாமி, பரீட்சையை இதற்குள் கொண்டுவர வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டார். தீயணைப்பு வண்டியைப் பற்றிக் கேட்டதிலிருந்து ஹொங்கொங் என்ற பேச்சைக் கணவர் எடுக்கவில்லை. மகள் 104 சென்ரிமீற்றர் இருக்கிறாள், கதவு நிலையில் கோடு போட்டிருக்கிறோம்.

ஒரு விடயம் மட்டும் இன்னும் மனதில் உறுத்துகிறது. ஜொகூரில் வெயிலும் மழையும் மாறி மாறி இருக்கும் என்கிறார்கள், மாமியால் நாள் முழுக்க நடக்க முடியாது. அவரை அறையில் விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பெரியநீலாவணைப் பொறியியலாளர்

வெயில் நமக்குப் புதிதல்ல, ஆனால் அங்கே பூங்காவின் பெரும்பகுதி திறந்த வெளி, மின்னல் கண்டால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் திறக்கும் நேரத்திலேயே உள்ளே போய், தீயணைப்பு நிலையம், வாகனப் பள்ளி போன்றவற்றை முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். மாமிக்குச் சக்கர நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுக்க முடியுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். நடக்கக்கூடியவர் அதில் இருப்பதற்குக் கூச்சப்படுவார், “பைகளை வைப்பதற்கு” என்று சொல்லி எடுத்தால் மத்தியானத்திற்குப் பிறகு அவரே உட்காருவார். எங்கள் உம்மாவை அப்படித்தான் கூட்டித் திரிந்தோம். பூங்காவோடு ஒட்டியே லெகோ ஹோட்டல் இருக்கிறது. விலை அதிகம், ஆனாலும் ஒரு இரவுக்கு மட்டும் அங்கே தங்கினால் மாமி களைத்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு மாலையில் திரும்பி வரலாம், சின்னவளும் அவரோடு தூங்குவாள். மற்ற இரவுகளை சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாப் பக்கம் மலிவான இடமொன்றில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இட்லியும் தோசையும் கிடைப்பதால் சாப்பாட்டுக் கவலை இராது.

காத்தான்குடி வாப்பா

நல்ல முடிவு, தங்கச்சி. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு முழுக்க வாகனத்தில் வந்து, அப்படியே விமானம் ஏறி, இறங்கியவுடன் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கொண்டு போகாதீர்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னே. அங்கே காலை ஒன்பது மணி என்றால் பிள்ளையின் உடம்புக்கு அது ஆறரை மணி. முதல் நாளை முழுவதுமாகத் தூங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் விட்டுவிட்டு, பூங்காவுக்கான நுழைவுச்சீட்டை மறுநாள் திகதிக்கு எடுங்கள். தம்பியிடம், அபுதாபிக்கு அடுத்த முறை வருகிறோம் என்று மறக்காமல் சொல்லிவிடுங்கள், அவரும் காத்துக்கொண்டிருப்பார்.

ஆரையம்பதி அம்மா

அப்படியே செய்கிறோம், நானா. ஆகஸ்ட் விடுமுறையின் நடுப்பகுதிக்கு, இரண்டு நாட்டின் தேசிய தினங்களையும் தவிர்த்துத் திகதி பார்த்திருக்கிறோம். முதலில் மாமிக்கும் மகளுக்கும் கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். அதற்கான படத்தை நாளை எடுக்கிறோம். மலேசிய விசா கையில் கிடைத்த பிறகே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுவோம். லெகோ உருவங்களில் எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்கக் கூடாது என்று மகன் இப்போதே இரண்டு பெட்டிகளில் பிரித்து வைக்கத் தொடங்கிவிட்டான்.